நோட்டீஸ் ஒட்டப்படுவதற்கு முன்

‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற சொல் யார் மீது எழுதப்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயில்தான் எழுப்பப்பட்டது. அந்தக் கட்டடங்களின் சுவரில் யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் தலைமுறைகளாக வாழும் மக்களின் கதவைத் தேடித்தான் அது வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஐந்தில் ஒரு பங்கு. நகரத்துக் குடிசைப் பகுதிகளிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஊருக்கு வெளியே சேரியை வைத்த சமூகம், நகரத்துக்கு வந்தபின் சேரியையே நகரத்துக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

வீட்டுரிமைக்காகக் களத்தில் வேலை செய்ய வரும் இளம் தோழர்கள் பலர் கையில் ஒரு ‘டூல்கிட்’டோடு வருகிறார்கள். வழவழப்பான தாளில், பெரும்பாலும் ஆங்கிலத்தில். ‘சமூகப் பங்கேற்பு’, ‘பயனாளிகள்’, ‘மலிவு விலை வீடு’ எல்லாம் அதில் இருக்கும்; சாதி என்றொரு கட்டம் மட்டும் இருக்காது. நிதி கொடுப்பவருக்குப் பயன்படும் ஆவணம் அது. வீடு இடிக்கப்படும் காலையில் தெருவில் நிற்கும் அக்காவுக்குப் பயன்படாது. அவருக்குப் பயன்படும் ஆவணங்கள் வேறு. அவை பெரும்பாலும் அரசின் பீரோவில்தான் இருக்கின்றன.

முதலாவது, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்ட கையோடு வந்த சட்டம் இது. (வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது.) ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு முறைப்படி அறிவித்துவிட்டால், அங்கே குடியிருப்பவரை உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வெளியேற்ற வழக்கு நடத்த முடியாது. அந்தப் பகுதிக்குக் குடிநீர், கழிப்பறை, சாலை, விளக்கு கேட்கும் வலுவும் அந்த அறிவிப்பிலிருந்தே கிடைக்கிறது. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகள் இப்படி அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதோடு நின்றுவிட்டது. இத்தனை ஆண்டுகளில் நகரம் எவ்வளவு பெருத்தது, எத்தனை குடியிருப்புகள் உருவாயின என்று எண்ணிப் பாருங்கள். அறிவிக்க வேண்டிய கடமையை அரசு செய்யாமல் விட்டதால், அங்கே வாழ்பவர்கள் சட்டத்தின் கண்ணுக்கு ‘ஆட்சேபணைக்குரிய புறம்போக்கில்’ இருப்பவர்களாகிவிட்டார்கள். நீங்கள் வேலை செய்யும் தெரு அந்த 1,202 இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பெயரில் இருக்கலாம். பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இல்லையென்றால், அறிவிக்கச் சொல்லி மனு கொடுப்பதே முதல் வேலை.

‘இருக்கும் இடத்திலேயே வீடு என்பது நடக்காத காரியம்’ என்று அதிகாரிகள் சொல்வார்கள். நடந்த காரியம் அது. 1977இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் பல குடிசைப் பகுதிகள் அதே இடத்தில் மேம்படுத்தப்பட்டு, மக்களுக்கு மனை உரிமையும் தரப்பட்டது. உலக வங்கியைப் புகழ இதைச் சொல்லவில்லை. நிலத்தின் விலை ஏறியதும் கொள்கை எப்படித் திரும்பியது என்பதற்காகச் சொல்கிறோம். 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளம் வரும் என்று சொல்லி அழைத்துப் போய், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில் இறக்கிவிட்டார்கள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் நாலு வீட்டில் வேலை பார்த்த பெண்கள் பேருந்துக்கே பாதிக் கூலியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்படுவதாக அங்கத்து இளைஞர்கள் சொல்கிறார்கள். ஊரில் எந்தத் தெரு என்று கேட்பதும் நகரத்தில் எந்த நகர் என்று கேட்பதும் ஒரே கேள்விதான்.

இரண்டாவது, நோட்டீஸ். எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று படியுங்கள். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமா, ஏரிகளைப் பாதுகாக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டமா? 1905 சட்டத்தின்படி வெளியேற்றும் முன் விளக்கம் கேட்க வேண்டும். அந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடும் உண்டு. பல இடங்களில் தாளே வருவதில்லை. வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள், வந்தவரின் பதவியோடு.

2024 நவம்பர் 13 அன்று புல்டோசர் இடிப்புகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பலர் நம்பிக்கையோடு பகிர்ந்தார்கள். இடிப்பதற்கு முன் பதினைந்து நாள் அவகாசத்தோடு நோட்டீஸ், நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு என்று நல்ல விதிகள் அதில் உண்டு. ஆனால் விதிவிலக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகிய பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கும் நீதிமன்றமே இடிக்கச் சொன்னவற்றுக்கும் அது பொருந்தாது. நம் மக்களுக்கு இந்தச் சமூகம் விட்டுவைத்த நிலம் அந்த விதிவிலக்குக்குள்தான் இருக்கிறது. ஆகவே, இந்தத் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போகாதீர்கள். வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்ன 1985ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பையும், அதைவிட முக்கியமாகச் சமேலி சிங் வழக்கின் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் படியுங்கள். தங்குமிடம் அடிப்படை உரிமை என்று பேசும்போது எல்லோரும் சமேலி சிங்கை மேற்கோள் காட்டுவார்கள். அந்த வழக்கு எதைப் பற்றியது என்று சொல்லமாட்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் தலித் மக்களுக்கு வீடு கட்ட அரசு நிலம் எடுத்ததை நில உடைமையாளர்கள் எதிர்த்துப் போன வழக்கு அது. நீதிமன்றம் நிலமெடுப்பை ஏற்றது.

தமிழ்நாட்டிலும் இதற்கென்றே 1978இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அனந்தி அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் அடிப்படையை ஏற்றது. ஆனாலும் கிராமத்தில் நடப்பது தெரியும். பட்டா இருக்கும், இடம் இருக்காது. இடம் இருந்தால் அளந்து கல் நட்டிருக்க மாட்டார்கள். பக்கத்து நிலத்துக்காரர் வழக்குப் போட்டு இருபது ஆண்டு ஓட்டுவார். வீட்டுமனைப் பட்டா ஊர்வலத்தில் புகைப்படம் எடுத்ததோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கும் அமைப்புகளிடம் சர்வேயரை எப்போது அழைத்து வந்தீர்கள் என்று கேளுங்கள்.

பஞ்சமி நிலத்தைத் தனியாக விரிவாக எழுத வேண்டும். இங்கே ஒரு குறிப்பு மட்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஆணை பிறந்தது. இந்நிலத்தை ஒடுக்கப்பட்ட வகுப்பார் அல்லாதோருக்கு மாற்ற முடியாது என்பது நிபந்தனை. 1994இல் காரணையில் இரண்டு உயிர்களைக் கொடுத்த கோரிக்கை இது. இணையத்தில் இன்றைய பட்டாவைப் பார்த்து ‘வேறொருவர் பெயரில் இருக்கிறது’ என்று திரும்பி வராதீர்கள். 1980களில் நடந்த யுடிஆர் திருத்தத்தின்போது ஏகப்பட்ட பெயர்கள் மாறின. அதற்கு முந்தைய ‘அ’ பதிவேட்டையும் செட்டில்மென்ட் பதிவேட்டையும் நகல் கேளுங்கள்.

கேட்பதற்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்ச் செலவில். முப்பது நாளில் பதில் தர வேண்டும். உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். வீடு இடிபடப்போவது உயிர் சம்பந்தப்பட்டதா என்று அதிகாரி கேட்டால், 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் இடிப்பை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து இறந்ததை நினைவூட்டுங்கள். அதன்பிறகுதான் அருகிலேயே வீடு தருவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகில் இடமே இல்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் அவர்களது நிலத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ முறைகேடாக வெளியேற்றுவதைக் குற்றமாக்குகிறது. வீட்டுரிமை வழக்குகளில் இந்தப் பிரிவை எடுப்பவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று வழக்கறிஞர் தோழர்கள் சொல்ல வேண்டும்.

கடைசியாக, நீங்களே உருவாக்க வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு. குடும்ப வாரியாகப் பட்டியல். பழைய குடும்ப அட்டை, மின் ரசீது, பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாக்காளர் பட்டியலில் தாத்தா பெயர் இருந்த பக்கம், எல்லாவற்றுக்கும் நகல். வாரியத்தின் கணக்கெடுப்பு ஒரே நாளில் கைரேகை வாங்கி முடிந்துவிடும். அன்று வேலைக்குப் போயிருந்தவர், பிரசவத்துக்கு அம்மா வீடு போனவர், கல்யாணமாகி அதே கூரையின் கீழ் தனி அடுப்பு வைத்த மகன், தனியாக வாழும் பெண் என்று வரிசையாக விடுபடுவார்கள். உங்கள் பட்டியல் அதற்கு முன்பே தயாராக இருக்கட்டும். அதில் வாடகைக்கு இருப்பவர்களையும் எழுதுங்கள். வீட்டுக்காரர் வேண்டாம் என்பார். அவரிடம் உட்கார்ந்து பேசித்தான் எழுத வேண்டியிருக்கும்.