அறையை அழகாக்கும் முன்

கனடாவில் வாழும் யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் 1970களில் கட்டப்பட்ட கண்ணாடியிழைப் பாய்ப்படகொன்றை வாங்கியிருக்கிறார். உள்ளறைத் தேக்கு கறுத்துவிட்டதாம். அனைத்தையும் பெயர்த்தெறிந்துவிட்டு வெள்ளைத் தகடு பொருத்தப்போகிறாராம். என் கருத்தைக் கேட்டு எழுதியிருந்தார். வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தை வாசகர் முன்னிலையிலேயே சொல்கிறேன்.

செய்தித்தாளில் ஆயுளைக் கழித்த எனக்குப் படகு கட்டத் தெரியாது. ஆனால், இந்த வெள்ளவத்தைக்கு வருமுன் கொட்டாஞ்சேனையில் துறைமுகத் தொழிலாளர் நடுவே குடியிருந்தேன். ஓடாவிகளின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டவன். மரம் தானாகக் கறுப்பதில்லை, தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது என்பார்கள் அவர்கள்.

அந்தத் 'தண்ணீர் எங்கிருந்து' என்பதுதான் கேள்வி. மேல்தளத்தில் ஆணியும் திருகாணியும் புகுந்த ஒவ்வொரு துளையும், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பிணைக்கும் உலோகப் பட்டைகளின் அடியும், சன்னல் விளிம்பும் சந்தேகத்துக்குரியவை. அக்காலப் படகுகள் பலவற்றில் அந்தப் பட்டைகள் அறையின் குறுக்குச் சுவரிலேயே முடுக்கப்பட்டிருக்கும். ஆகவே அந்தச் சுவர் அலங்காரமன்று. பாய்மரத்தின் பாரத்தைச் சுமப்பது. ஒட்டுப்பலகையாலான அச்சுவர் உள்ளே உளுத்திருக்க, அதன்மேல் வெள்ளைத் தகடு ஒட்டினால் நோய் மறையும், தீராது. காற்று வீசும் நாளில் பாய்மரமே சாயலாம். அவர் தம் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்லவிருக்கிறார்.

இன்னொன்று. தேக்கென்று நாம் எண்ணுவது பெரும்பாலும் ஒட்டுப்பலகை மேல் ஒட்டிய மெல்லிய தேக்குத் தோல்தான். இயந்திரத்தால் தேய்த்தால் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். கையால், பொறுமையாக, மரத்தின் இழை வழியே தேய்க்க வேண்டும்.

இவ்விடத்தில் வல்வெட்டித்துறையின் 'அன்னபூரணி' நினைவுக்கு வருகிறாள். 1930ஆம் ஆண்டளவில் அங்கே கட்டப்பட்டவள், 89 அடி நீளம், சரக்குக்காகவே பிறந்தவள். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ராபின்சன், இவளை விலைக்கு வாங்கித் தம் மனைவி புளோரன்சின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் புறப்பட்ட அவள், 1938 ஆகஸ்ட் 1ஆம் நாள் மாசச்சூசெட்ஸின் குளொஸ்டர் துறையை அடைந்தாள். விரும்பியிருந்தால் சொகுசு அறைகள் நிறைந்த உல்லாசப் படகை அம்மனிதர் வாங்கியிருக்கலாம். உலகக் கடல்களை அறிந்தவர் பார்த்தது அறையையா, உடலையா? நம்மூரார் கட்டிய உடலைத்தான் என்பேன். (நம் பாடநூல்களில் இவளைத் தேடிப் பார்த்தவர்கள் எனக்கு எழுதலாம்.)

அன்பருக்கு மீண்டும் வருகிறேன். முதலில் ஒரு மழை நாளில் கைவிளக்குடன் அறைக்குள் உட்கார்ந்து, ஒழுகும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். பலகைகளைக் கழற்றும்போது ஒவ்வொன்றின் பின்புறமும் எண் எழுதுங்கள். குறுக்குச் சுவரைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்னும், உளுத்தது மந்தமாய் ஒலிக்கும். மெத்தைக்கு அடியிலும் அலுமாரிக் கதவுகளிலும் காற்றுப் போக வழி செய்யுங்கள். பூஞ்சணம் பாதி அதிலேயே ஒழியும். வெள்ளைத் தகட்டுக்கு ஒதுக்கிய பணத்தில், மேல்தளத் திருகாணிகளைக் கழற்றிப் புதிய பசையிட்டு முடுக்குங்கள். மெருகெண்ணெய் வாங்குவது அடுத்த கோடைக்கு இருக்கட்டும்.