இரும்புக்கு ரப்பர்ச் செருப்பு

பனிக்கட்டிக்கும் பூந்தமல்லிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். பனி பெய்யும் தேசங்களில், டிராக்டரில் ஒரு பிளேடை மாட்டி, வீதியில் குவிந்த பனியை வழித்துத் தள்ளுகிறார்கள். நமது தேசத்திலும் ரோஹ்தாங், ஜோஜிலா முதலிய கணவாய்களில் பனி அகற்றும் இயந்திரங்கள் வேலை செய்கின்றன. நம் பக்கத்தில் பனி விழுவதில்லை. ஆனால் ஐப்பசி கார்த்திகை மழை சேற்றையும் மணலையும் வீதியில் கொட்டிவிட்டுப் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

சாலையோர மணலில் சறுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் இருசக்கர வண்டிக்காரர்களே. ஆகையால் அதை வழித்தெடுக்கத்தான் வேண்டும். ஆனால் டிராக்டர் பிளேடு வயலைச் சமன் செய்வதற்கென்று ஏற்பட்டது. மண்ணைக் கடிப்பதே அதன் சுபாவம். தார்ச்சாலைக்கு வந்தவுடன் அந்தச் சுபாவம் மாறிவிடுமா? சேற்றோடு தாரும் ஜல்லியும் பெயர்ந்து வருகின்றன. பெயர்ந்த இடத்தில் அடுத்த மழையின் நீர் இறங்குகிறது, அதன்மேல் லாரி ஏறுகிறது, கீறல் குழியாகிறது. மணலுக்குத் தப்பியவர் குழியில் விழுகிறார்!

இதற்குப் பரிகாரம் வெகு சுலபம். பனி தேசத்தார் பிளேடின் கீழ் விளிம்பில் கனத்த ரப்பர்ப் பட்டையைப் போல்ட்டால் முடுக்கிவிடுகிறார்கள். பட்டை சற்றே கீழிறங்கி நிற்பதால், தரையைத் தொடுவது ரப்பர்தான். தேய்ந்தால் வேறு பட்டை மாற்றிக்கொள்ளலாம். வேறு சிலர் இரும்புக் குழாயை நெடுகப் பிளந்து விளிம்பில் செருகுகிறார்கள். உருண்டையான விளிம்பு கடிக்காமல் வழுக்கிச் செல்லும். பிளேடின் இரு கோடியிலும் சறுக்குக் கால்கள் வைப்பதும் உண்டு. அவை பிளேடைத் தரைக்குச் சற்று மேலே தாங்குவதால், மேடு பள்ளத்திலும் சாக்கடை மூடியிலும் அது எளிதில் சிக்காது. மெல்லிய படலமாக மிஞ்சும் மணலைத் துடைப்பம் பார்த்துக்கொள்ளும்.

இந்த யுக்தி ஆவடிக்குப் புதிதன்று. 1961-இல் அங்கே ஏற்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. டாங்கிகள் சாலையில் ஓடும்போது தார் பெயராதிருக்க, அவற்றின் இரும்புச் சங்கிலிப் பட்டைகளில் ரப்பர்க் கட்டைகள் பொருத்துவது உலக வழக்கம். யுத்தத்திற்குப் போகும் டாங்கியே சாலைக்கு மரியாதை செய்யும்போது, சேறு வழிக்கும் டிராக்டர் செய்யக்கூடாதா?

பழைய ரப்பர்ப் பட்டையும் நாலு போல்ட்டும் அம்பத்தூர்ப் பட்டறைகளுக்குப் பெரிய காரியமல்ல. மழைக்குப் பின் டிராக்டரை வாடகைக்கு அமர்த்தும் நகரசபையார், "ரப்பர் விளிம்பு இல்லாத பிளேடு சாலையில் இறங்கலாகாது" என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும். புதுத் தார் போடும் செலவு மிஞ்சும்; வரி கொடுப்பவர்களின் கைகால்களும் பிழைக்கும்.