முதல் சம்பளமும் முதல் தவணையும்

"சார், மகளுக்கு மனித உயிரியல் படிக்கணுமாம். மூணு வருஷம். டாக்டர் படிப்புக்குப் பக்கத்துல உள்ளதுன்னு சொல்றாங்க. கையெழுத்துப் போடலாமா?"

லுக்குட்டில் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் லோரி ஓட்டுநர். அவருடைய பெற்றோர் போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர்கள். அந்தக் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் போகப்போகும் முதல் பிள்ளை இந்தப் பெண். எஸ்.டி.பி.எம். முடித்து, அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு யு.பி.யு. வழியாக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாள். அதற்குள் ஒரு தனியார் கல்வி நிலையத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. உடனே முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்கிறார்கள்.

அவர் சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். நான் பேனாவை எடுத்தேன். கடிதத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் உங்களிடமும் வைக்கிறேன். அவர் கடிதத்தில் இருந்த தொகை வேண்டாம். கணக்குக்கு வசதியாக வேறு தொகை வைத்துக்கொள்வோம்.

மூன்று ஆண்டுக் கட்டணம் 75,000 வெள்ளி. தங்கவும் சாப்பிடவும் மாதம் 700 வெள்ளி என்றால், 36 மாதத்துக்கு 25,200. மொத்தம் ஒரு லட்சத்து 200 வெள்ளி.

பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறதே என்பார்கள். தனியார் கல்வி நிலையத்தில் இளங்கலை படிக்கும் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 13,600 வெள்ளி வரை கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டுக்கு 40,800. இந்தக் கடனுக்கு 'உஜ்ரா' என்னும் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. 15 ஆண்டில் அடைத்தால் 6,120 வெள்ளி கூடும். மாதத் தவணை ஏறக்குறைய 260 வெள்ளி. இது தாங்கக்கூடிய கடன். படித்து முடித்த பிறகுதான் கட்டத் தொடங்க வேண்டும் என்பது இன்னொரு நிம்மதி.

ஆனால் ஒரு லட்சத்து 200 வெள்ளியிலிருந்து 40,800 போனால், இன்னும் 59,400 வெள்ளி இடிக்கிறது. குடும்பம் விழுவது இந்த இடத்தில்தான். இதில் பாதியை அப்பா தம் இ.பி.எஃப். சேமிப்பிலிருந்து எடுக்கிறார். பிள்ளையின் படிப்புக்கு எடுக்க அனுமதி உண்டு. ஆனால் அது அவருடைய முதுமைக்கான பணம். லோரி ஓட்ட முடியாத வயதில் அவருக்கு வேறு வருமானம் இல்லை. மீதி 30,000 வெள்ளியை வங்கியில் தனிநபர் கடனாக வாங்கினால்? நிலையான வட்டி 6 விழுக்காடு, 10 ஆண்டு என்று வைத்தால், திருப்பிக் கட்டுவது 48,000. மாதம் 400 வெள்ளி. இந்தக் கடன் பிள்ளை பட்டம் வாங்கும்வரை காத்திருக்காது. அடுத்த மாதமே கேட்கும்.

இப்போது வருமானப் பக்கம். பட்டம் வாங்கிய பெண்ணுக்கு 2,200 வெள்ளியில் வேலை கிடைக்கிறது என்று வைப்போம். இ.பி.எஃப்., சொக்சோ பிடித்தம் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 1,940. இரண்டு தவணையும் சேர்த்து 660 வெள்ளி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. ஆய்வகங்களும் மருந்து நிறுவனங்களும் அதிகம் இருப்பது கிள்ளான் பள்ளத்தாக்கில். அங்கே அறை வாடகை, பேருந்து, சாப்பாடு எல்லாம் மீதி 1,280 வெள்ளியில் நடக்க வேண்டும். வீட்டுக்கு என்ன அனுப்ப முடியும்?

இன்னொரு கணக்கையும் மறக்கக் கூடாது. 2025 பிப்ரவரி முதல் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மூன்று ஆண்டு படிக்காமல் வேலைக்குப் போகிறவர் அந்தக் காலத்தில் 61,200 வெள்ளி சம்பாதித்திருப்பார். அதனால் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டதாரியின் சம்பளம் ஆண்டுக்கு ஆண்டு ஏற வழி உண்டு. குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு அந்த வழி குறுகல். ஆனால் அந்த ஏற்றம் எல்லாப் பட்டத்துக்கும் ஒன்றுபோல் வருவதில்லை.

இங்கேதான் பட்டத்தின் பெயரைப் பார்க்க வேண்டும். மனித உயிரியல் நல்ல படிப்பு. உடல் எப்படி இயங்குகிறது, நோய் எப்படி வருகிறது என்று அடிப்படையிலிருந்து சொல்லித் தருகிறது. ஆனால் அது தொழிற்படிப்பு அன்று. மருத்துவத்துக்குப் பக்கத்து வாசலும் அன்று. அதை முடித்து மருத்துவம் படிக்க நினைத்தால், பெரும்பாலும் முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். செலவும் புதிதாகத் தொடங்கும். ஆராய்ச்சிப் பக்கம் போகலாம் என்றால் முதுகலை, முனைவர் பட்டம் என்று ஆண்டுகள் நீளும். பலர் கடைசியில் மருந்து, மருத்துவக் கருவி விற்பனைக்குப் போகிறார்கள். அது கௌரவமான வேலைதான். ஆனால் அதற்காகத்தான் ஒரு லட்சம் செலவழித்தோமா என்று வீட்டில் கேட்பார்கள்.

2016ஆம் ஆண்டின் இணை சுகாதாரத் தொழில் சட்டம், அதாவது சட்டம் 774, 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், கதிர்ப்பட நிபுணர், உணவியல் நிபுணர் என்று 23 தொழில்கள் அதன் பட்டியலில் உள்ளன. அந்தத் தொழிலைச் செய்ய வேண்டுமென்றால் உரிய மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிய வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட படிப்பாக இருக்க வேண்டும். ஆகவே முன்பணம் கட்டும் முன் கல்வி நிலையத்திடம் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா? இதை முடித்தால் சட்டம் 774-இன்கீழ் எந்தத் தொழிலில் பதியலாம்? இரண்டாவது கேள்விக்கு, "வாய்ப்புகள் நிறைய இருக்கின்றன" என்று மட்டும் பதில் வந்தால், எந்தத் தொழிலிலும் பதிய முடியாது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. வாய்மொழி வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். கட்டணம் தனியாரில் ஒரு சிறு பங்குதான். நான்கு ஆண்டுக்கு 25,000 வெள்ளி கடன் எடுத்தாலும், 15 ஆண்டுத் தவணை மாதம் 160 வெள்ளியைத் தாண்டாது. இடம் கிடைக்கவில்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம். மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா படித்து, வேலையில் சேர்ந்து, பிறகு பட்டத்துக்குப் போகலாம். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களும் இருக்கின்றன. நேராக ஏறும் படி உயரமாக இருந்தால், இரண்டு படியாக ஏறுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

முதல் வகுப்பில் தேறினால் பி.டி.பி.டி.என். கடன் தள்ளுபடியாகும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அப்படி ஒரு சலுகை உண்டு. ஆனால் அதற்கான நிபந்தனைகள் மாறி வந்திருக்கின்றன. எல்லாருக்கும் முதல் வகுப்பு வருவதுமில்லை. வந்தால் மகிழ்ச்சி. வரும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தைக் கூலியில் கழித்துக் கழித்தே காலம் தள்ளிய பாட்டன்மார் கதை நம் குடும்பங்களில் உண்டு. அதனால்தானோ என்னவோ, நம்மில் சிலர் கடன் என்றாலே அஞ்சிப் பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் படிப்பு என்றாலே எந்தக் கடனிலும் கையெழுத்துப் போடுகிறார்கள். இரண்டுமே கணக்குப் பார்க்காததால் வரும் வினை. 1 விழுக்காட்டுக் கடனும் வங்கிக் கடனும் ஒன்றல்ல. பிள்ளையின் நாளைய சம்பளத்தில் கட்டும் கடனும், அப்பாவின் முதுமையில் கை வைக்கும் கடனும் ஒன்றல்ல.

நண்பர் கணக்கை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். "மகள்கிட்ட இதை எப்படி சார் சொல்றது? மனசு உடைஞ்சிடுமே" என்றார்.

"நீங்க சொல்லாதீங்க. இந்தத் தாளை அவகிட்டயே கொடுங்க. உயிரியல் படிக்கிற பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் தெரியாதா?" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். மகள் கணக்கைப் பார்த்தாளாம். யு.பி.யு. முடிவு வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளாம். அதோடு நான் போட்ட கணக்கில் ஒரு குறையையும் கண்டுபிடித்திருக்கிறாள். மடிக்கணினி வாங்கும் செலவை நான் சேர்க்கவில்லையாம்.