ஜன்னலை ரெண்டு விரல் இறக்குங்க!

டிசம்பர் வந்தாலே நம்ம கோயம்புத்தூர் ஹாஸ்டல்கள்ல ஒரு பிளான் ஓடும். வாடகைக்கு ஒரு வேன், பின்னாடி மெத்தை, ஒரு கேஸ் அடுப்பு... மேட்டுப்பாளையம் தாண்டி நேரா ஊட்டி! ரூம் வாடகை மிச்சம். வண்டியிலேயே சமையல், வண்டியிலேயே தூக்கம். ‘மோட்டார் ஹோம்’னு வெளிநாட்டுல சொல்றாங்களே, அதோட நம்ம ஊர் எடிஷன்!

ஆனா பாஸ், வண்டியில குடியிருக்கிறது நம்ம பக்கம் புதுசே இல்லை. நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவர்களைக் கேளுங்க. திருச்செங்கோட்டுல இருந்து ரிக் வண்டியோட கிளம்பி, மாசக்கணக்கா ஊர் ஊரா போர் போடுறவங்களைக் கேளுங்க. சீட்டுக்குப் பின்னால ஒரு படுக்கை, அரிசி, பருப்பு, ஸ்டவ்... அவ்வளவுதான் வீடு.

சங்ககிரி டீக்கடையில ஒரு டிரைவர் அண்ணன் கிடைச்சார். பனி கொட்டி ரோட்டை மூடினதால, ஜம்மு பக்கம் நாள் கணக்கா லாரியிலேயே கிடந்தவர். “அந்தக் குளிர்ல எப்படிங்ண்ணா தூங்குனீங்க?”னு கேட்டேன்.

“ரெண்டு கம்பளி, காதை மூட குல்லா. ஆனா எத்தன குளிரானாலும் ஜன்னல ரெண்டு விரல் எறக்கி வெச்சிரோணும் கண்ணு. அடுப்பப் பத்த வெச்சுட்டுக் கண்ண மூடவே கூடாது”ன்னார்.

ஏன் தெரியுமா? கரி, கேஸ், பெட்ரோல், டீசல் எதுவுமே முழுசா எரியாதப்ப கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். முதல்ல தலைவலி, குமட்டல், அசதி. ‘கொண்டை ஊசி வளைவு சுத்தினதுல வந்தது, தூங்கினா சரியாயிடும்’னு படுப்போம். சிக்கலே அங்கதான்.

2024 டிசம்பர் 23. கேரளாவுல வடகரையில ரோட்டோரம் நின்ன ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. இத்தனைக்கும் அது குளிர்ப் பிரதேசம்கூட இல்லை. ஏசிக்காக ஓடின ஜெனரேட்டர் புகையில இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருந்தது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில ராத்திரி உறைபனி விழுற ஊர். கை தானா ஜன்னலை ஏத்தும். ‘கொஞ்ச நேரம் கரி அடுப்பை உள்ளே வைப்போமா?’ன்னு ஒருத்தன் கேட்பான். ‘வேண்டாம்டா’ன்னு சொல்ற ஆள் நீங்களா இருங்க.

சமையல் வெளியே. படுக்கும்போது இன்ஜின், ஜெனரேட்டர் ரெண்டும் ஆஃப். ஜன்னல் ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் திறப்பு. மூச்சுக்காத்து ஈரம் கண்ணாடியில வழிஞ்சு போர்வையை நனைக்கிறதும் இதனால குறையும். ஆனா ஜன்னல் திறந்திருக்கேன்னு அடுப்பை உள்ளே கொண்டு வந்துடாதீங்க. ரெண்டு விரல் இடைவெளி அந்தப் புகைக்குப் பத்தாது. கார்பன் மோனாக்சைடு அலாரம்னு கையடக்கமா ஒண்ணு விற்குது, வேன் வாடகையைப் பங்கு போடும்போது அதையும் சேர்த்துக்கோங்க. ஒரே நேரத்துல ரெண்டு பேருக்குத் தலை வலிச்சா, யோசிக்காம எல்லாரும் வெளியே வந்துட்டு 108-க்கு போன் போடுங்க.

குளிருதா? இன்னொரு கம்பளி எடுத்துப் போங்க. விடிஞ்சதும் தலைகுந்தா புல்வெளி மேல உப்பைத் தூவின மாதிரி பனி படிஞ்சிருக்கும். அதைப் பார்க்க, போன அத்தனை பேரும் எழுந்திருக்கணும்ல?