வில்லங்கச் சான்றில் இல்லாத வில்லங்கம்

செட்டிநாட்டில் வீடு வாங்குகிறவருக்கு முன்னாளில் இரண்டே கவலைகள்தாம். பங்காளிகள் அனைவரும் கையெழுத்திடுவார்களா என்பது ஒன்று. சொத்தின்மேல் கடன் உண்டா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தீர்ந்தால் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச வேண்டியதுதான். இப்பொழுது மூன்றாவது கவலை ஒன்று சேர்ந்திருக்கிறது. அதைக் கவலையாகவே பலரும் நினைப்பதில்லை என்பதுதான் வருத்தத்திற்குரிய விஷயம்.

நமது நண்பர் ஒருவர் கடல் கடந்து பல வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பினார். காரைக்குடிக்கு வெளியே ஒரு மனைப்பிரிவில், ஆத்தங்குடிக் கல் பதித்த வீடொன்று அவர் மனத்தைக் கவர்ந்தது. வில்லங்கச் சான்றைப் பார்த்தார், மாசு மறுவில்லை. உடனே முன்பணம் கொடுத்துவிட்டார். மீதிக்குக் கடன் கேட்கப் பாங்கிக்குப் போனபோது, "மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் எங்கே?" என்றார்கள். விற்பவர் எடுத்து நீட்டியது, பஞ்சாயத்தின் முத்திரை மட்டும் குத்திய ஒரு வரைபடம். பாங்கிக்காரர்கள் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நண்பர் ஏமாற்றப்படவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்கத் தவறினார். வில்லங்கச் சான்று, ரிஜிஸ்தரான கிரயம், அடமானம் முதலியவற்றைத்தான் காட்டும். நிலத்தைப் பிரித்தபோதும் வீட்டைக் கட்டியபோதும் விதித்த நிபந்தனைகள் நிறைவேறினவா என்பதை அது சொல்லாது. வீட்டு வரி ரசீதும் சொல்லாது.

நகரமைப்புச் சட்டம் நமக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் 1920-லேயே ஒன்று வந்தது. அதனிடத்தில் 1971-ஆம் வருஷத்துச் சட்டம் அமைந்தது. ஆயினும் அங்கீகாரமில்லாத மனைகள் ஊர்தோறும் பெருகின. 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. அதே வருஷம் அக்டோபர் 20-ல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் உண்டான மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதத்தில் விதிகள் பிறந்தன. விண்ணப்பக் கெடு பலமுறை நீண்டிருக்கிறது. ஆகவே, வழி திறந்திருக்கிறதா என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முன்பே வீட்டுமனையாகப் பதிவானதை மறுபடி பதிவு செய்ய 22-ஏ பிரிவே இடங்கொடுக்கிறது. "ரிஜிஸ்தர் ஆகிவிட்டதே, பின் என்ன?" என்று கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. வரன்முறையாகாத மனையில் கட்டட அனுமதி கிடைக்காது.

மனை சரியாயிருந்தாலும் வீட்டைப் பார்க்க வேண்டும். அனுமதித்த வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பக்கத்தில் விட வேண்டிய காலியிடம் இருக்கிறதா? இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்று எழுப்பியிருக்கிறார்களா? 2019-ஆம் வருஷத்து விதிகளின்படி கட்டட நிறைவுச் சான்று வேண்டுமானால் அதையும் கேளுங்கள். சிறு வீடுகளுக்கு இதில் விலக்குண்டு.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. தமக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் அறிய முடியாத முக்கியக் குறைகளை வெளியிட வேண்டியது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படியே அவர் கடமை. மறைத்து விற்றால் வழக்கு வரும். சொல்லி விற்றால் விலையில் சிறிது குறையலாம், தூக்கம் குறையாது. கட்டணத்தை யார் செலுத்துவது, உத்தரவு எந்தத் தேதிக்குள் வர வேண்டும், வராவிட்டால் முன்பணம் எப்படித் திரும்பும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். வாய்ப்பேச்சு உதவாது. நமது நண்பரும் அவ்வாறே புது ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். வரன்முறை உத்தரவு வந்த பின்தான் கிரயம். ஆனால் அவர் கையெழுத்து வாங்கியது, முன்பணம் கைவிட்டுப் போனபிறகு. விற்பவர் நல்லவராயிருந்தது அவர் அதிர்ஷ்டம்.

"இதெல்லாம் சர்க்காரின் கெடுபிடி" என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். மழை குறைந்த இந்தச் சீமையில் நம் முன்னோர், ஓட்டுக் கூரையில் விழுந்த நீரை முற்றத்தில் பிடித்தார்கள். தெருவில் ஓடிய நீரை வாய்க்கால் வழியே ஊரணிக்குச் சேர்த்தார்கள். சட்டம் சொல்லி அவர்கள் செய்யவில்லை. இன்று வாய்க்கால்மேல் மனை போட்டால் அது வரன்முறைக்குத் தகுதியற்றது என்று விதி சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய மனைப்பிரிவில் சாலை நீங்கலாக நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பொதுவுக்கு விட வேண்டும் என்பதும் விதிதான். அந்தப் பூங்காவில் விளையாடப் போவது நம் வீட்டுக் குழந்தைகள் அல்லவா?

அந்நியன் ஆண்ட நாளில் சட்டத்துக்குத் தப்புவதைச் சாமர்த்தியமாக எண்ணியிருக்கலாம். சுயராஜ்யத்தில் விதி நாமே நமக்கு விதித்துக்கொண்டது. காரைக்குடி 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது. ஊர் இன்னும் விரியும். நல்ல வீடாக அமைந்தால் மட்டும் போதாது. நல்ல ஊராகவும் அமைய வேண்டும். ஆகையால் நேயர்களே, முன்பணப் பையை அவிழ்க்கும் முன் வரைபடத்தை விரித்துப் பாருங்கள்.