பல் டாக்டருக்குப் பட்டாளத்தில் என்ன வேலை?

கோரமண்டலில் எங்கள் லைனில் ஒரு பெண் பி.டி.எஸ். படித்துத் தேறியிருக்கிறாள். தாத்தாவும் தகப்பனாரும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள்தான். ராணுவப் பல் மருத்துவப் பிரிவுக்கு மனுப் போடப் போகிறேன் என்று அவள் சொன்னதும் வீட்டில் ஒரே அமளி. தகப்பனார் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ பேப்பருக்கு எழுதுறவன், நீயே சொல்லு. பல்லு புடுங்குறவளுக்குப் பட்டாளத்துல என்ன வேலை? எதிரிக்குப் பல்லு பார்க்கப் போறாளா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரித்தது தப்பு என்று பட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

பல்வலியின் அருமை பட்டவனுக்குத்தான் தெரியும். போன வருஷம் ஒரு நாள் கடைவாய்ப் பல் வலியோடு டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தேன். பெங்களூர் வேலைக்குப் போகிறவர்கள் முண்டியடிக்கும் காலை நேரம். சில்லறை மாறிப் போயிற்று. கணக்கில் துண்டு விழுந்தது. என் கையிலிருந்து கட்டினேன். எனக்குப் போனது சில நூறு ரூபாய். துப்பாக்கியோடு காவல் நிற்கிற சிப்பாய்க்கு அதே வலி வந்தால் என்ன ஆகும்?

இதைப் பெரிய ராணுவங்களே அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில், பல் கெட்டுப் போய்க் கெட்டி பிஸ்கட்டைக் கடிக்க முடியாமல் ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அப்போதும் புத்தி வரவில்லை. 1914-ல் பிரான்ஸ் போர்முனையில் ஜெனரல் ஹெய்குக்கே பல்வலி வந்து, பாரிஸிலிருந்து டாக்டரை வரவழைக்க வேண்டியதாயிற்று என்று சொல்வார்கள். அதன் பிறகுதான் பல் டாக்டர்களைப் போர்முனைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். போன டாக்டர்கள் பல்லோடு நிற்கவில்லை. பதுங்குகுழிச் சண்டையில் தாடை சிதறியவர்களுக்குக் கம்பி கட்டி எலும்பைச் சேர்த்து, மறுபடி சோறு தின்ன வைத்தவர்கள் அவர்கள்தான். நம் நாட்டில் ராணுவப் பல் மருத்துவப் பிரிவு 1941 பிப்ரவரி 1-ல் தொடங்கப்பட்டது.

சண்டை முற்றும்போது பல் டாக்டர் என்ன செய்வார் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பென் சாலமன் என்பவர் அமெரிக்கப் பட்டாளத்தில் கேப்டன். தொழிலில் பல் டாக்டர். 1944-ல் பசிபிக் சமுத்திரத்தில் சைப்பான் தீவுச் சண்டையின்போது அவருடைய பட்டாலியனின் சர்ஜன் காயம்பட்டுவிட்டார். அந்த இடத்துக்கு நான் போகிறேன் என்று சாலமன் தாமாகவே முன்வந்தார். ஜூலை 7-ம் தேதி விடியற்காலையில் ஆயிரக்கணக்கான ஜப்பானியச் சிப்பாய்கள் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார்கள். முதலுதவிக் கூடாரம் முன்வரிசைக்கு ஐம்பது கஜம் பின்னால்தான் இருந்தது. சிறிது நேரத்தில் முப்பது பேர் காயத்தோடு வந்து சேர்ந்தார்கள். எதிரிகள் கூடாரத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். நோயாளிகளைக் காக்க அவர்களோடு போராடிய சாலமன், காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போங்கள் என்று உதவியாளர்களுக்கு உத்தரவிட்டார். நான் தடுத்து நிற்கிறேன் என்று தாம் மட்டும் தங்கினார். பிறகு அவர் உடலைக் கண்டெடுத்தபோது அது ஓர் இயந்திரத் துப்பாக்கியின் மேல் கிடந்தது. உடம்பில் 76 குண்டுக் காயங்கள். எதிரே 98 எதிரிகள் செத்துக் கிடந்தார்கள்.

அவருக்கு விருது தரச் சிபாரிசு போயிற்று; மேலிடத்தில் திருப்பிவிட்டார்கள். செஞ்சிலுவை அணிந்தவர் ஆயுதம் எடுக்கக் கூடாது, ஜெனீவா ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று காரணம் சொன்னார்கள். தன்னையும் தன் நோயாளிகளையும் காக்க மருத்துவர் ஆயுதம் எடுக்கலாம் என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. அவர் படித்த பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் விடாமல் எழுதி, 2002 மே மாதத்தில்தான் அமெரிக்காவின் மிகப் பெரிய வீர விருது அவர் பெயருக்குக் கிடைத்தது. இடையில் ஓடியது 58 வருஷம்!

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். நம்மவர் கதையும் இருக்கிறது.

1950-ல் கொரியா யுத்தம் மூண்டபோது, சண்டை போட ஆள் அனுப்ப மாட்டோம், வைத்தியம் பார்க்க அனுப்புகிறோம் என்றது இந்தியா. அப்படிப் போனது 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். ஏறக்குறைய 340 பேர். அதில் நான்கு சர்ஜன்கள், இரண்டு மயக்க மருந்து டாக்டர்கள், ஒரே ஒரு பல் டாக்டர். தலைமை வகித்தவர் லெப்டினென்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 'ஏ' என்றால் ஆற்காடு. வட ஆற்காட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு தங்கவயலுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

சீனா களத்தில் இறங்கியதும் பியாங்யாங் நகரத்தைக் காலி செய்ய உத்தரவாயிற்று. இந்தியப் பிரிவுக்கு லாரி இல்லை. ஆஸ்பத்திரிச் சாமான்களை அழித்துவிட்டுப் புறப்பட வேண்டிய நிலைமை. ரங்கராஜ் சம்மதிக்கவில்லை. தேடிப் பிடித்தது ஒரு பழைய நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவிலேயே இருந்தார்கள். தண்ணீர் இல்லாமல் நீராவி எஞ்சின் ஓர் அடி நகராது என்பது ரயில்வேக்காரனுக்குத் தெரியும். கடுங்குளிரில் வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கை மாற்றி நீர் நிரப்பினார்கள். பாலம் தகர்க்கப்படுவதற்கு முன்னால் வண்டி அதைக் கடந்து, சாமான்களோடு சியோல் போய்ச் சேர்ந்தது. 1951 மார்ச்சில் அமெரிக்கப் பாராசூட் படையோடு, ரங்கராஜும் அவருடைய ஆட்கள் சிலரும் முன்சான் என்ற இடத்தில் வானத்திலிருந்து குதித்தார்கள். 1954 வரை அந்தப் பிரிவு வைத்தியம் பார்த்தவர்கள் லட்சக்கணக்கானோர். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. 2020 ஜூலையில் தென் கொரிய அரசு அவரை அந்த மாதத்தின் போர் வீரர் என்று அறிவித்துக் கௌரவித்தது. கொரியாக்காரனுக்கு இருக்கிற ஞாபகம் நமக்கு இல்லை.

உயிர் எடுத்த கணக்கை எழுதுகிற உலகம் உயிர் காத்த கணக்கை எழுதுவதில்லை. தங்கவயல்காரனுக்கு இது புதிதல்ல. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்படும் வரை எடுத்த தங்கம் சுமார் 800 டன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறை வெடித்தபோது, மற்றவர்கள் மேலே ஓடி வர, மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிய மீட்புப் படைக்காரர்கள் எத்தனை பேரை உயிரோடு தூக்கி வந்தார்கள் என்று யார் சொல்கிறார்கள்? அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. ஆனால் அது வீரம் இல்லை என்று எந்தச் சுரங்கத் தொழிலாளியாவது சொல்வாரா?

நம் சங்கங்கள் ஆகஸ்ட் 15-ல் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைக்கின்றன. தலைப்புகளில் ஒன்றாக ரங்கராஜையும் அவருடைய ஆம்புலன்ஸ் பிரிவையும் சேர்க்கட்டும். பல் மருத்துவம் படித்த பிள்ளைகளுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், ராணுவத்தில் அதிகாரியாகச் சேர வழி இருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லட்டும்.

டீக்கடையில் கேட்ட பெரியவருக்கு என் பதில் இதுதான். உங்கள் நைனா காலத்திலிருந்து இந்த ஊரில் ஷாஃப்டில் இறங்கியவனை வழியனுப்பிவிட்டு வாசலில் காத்திருந்த குடும்பம் உங்களுடையது. அடிபட்டவன் பக்கத்தில் கை தெரிந்த ஓர் ஆள் இருப்பதன் அருமை உங்களுக்குத் தெரியாததா? அன்றைக்கு நான் சிரித்ததற்கு மன்னியுங்கள். பெண் மனுப் போடட்டும்.