யார் செய்ய வேண்டும்?

சிவகிரி உழவர் ஒருவர் அலுவலகக் கடிதம் ஒன்றை என்னிடம் காட்டினார். 'உரிய ஆவணங்கள் விரைவாகச் சரிபார்க்கப்பட்டு இணைக்கப்பட வேண்டும்' என்றிருந்தது. அலுவலகத்தார் இணைப்பர் என்று அவர் காத்திருந்தார். அவர் இணைப்பார் என்று அலுவலகம் காத்திருந்தது. மூன்று திங்கள் கழிந்தன. கடிதத்தில் இலக்கணப் பிழை இல்லை. செய்ய வேண்டியவர் யார் என்பதுதான் இல்லை.

இந்நடை ஆங்கிலத்தினின்று வந்தது. அம்மொழியில் 'மஸ்ட்', 'மே' முதலிய துணைவினைகள் கூற்றுத் தொடரில் எழுவாயின்றி நில்லா. செய்பவரைச் சுட்ட விரும்பாதபோது செயப்படுபொருளையே எழுவாயாக்கி, 'மஸ்ட் பி பெய்ட்' என்பர். 'இமீடியட்லி' என்னும் வினையடையையும் 'மஸ்ட்' என்பதை அடுத்து வைப்பர். தமிழுக்கு இவ்விடர் இல்லை. 'வேண்டும்' என்பது திணை, பால், எண், இடம் காட்டாது; எழுவாய் வெளிப்படாமலும் தொடர் நிரம்பும். 'கட்டணத்தை உடனே செலுத்த வேண்டும்' என்றாலே போதும். 'செலுத்தப்பட வேண்டும்' என்பது வேண்டாச் சுமை.

சுமையோடு மயக்கமும் சேர்கிறது. 'விண்ணப்பங்கள் முறையாக அறிவிக்கப்பட்ட நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும்' என்பதில் 'முறையாக' என்னும் அடை அறிவித்தலுக்கா, அனுப்புதலுக்கா? 'அறிவித்த நாளுக்குள் விண்ணப்பத்தை முறையாக அனுப்ப வேண்டும்' என்றால் ஐயமில்லை. 'விண்ணப்பத்தை நேரில் தரலாம்' என்பது இசைவு. 'விண்ணப்பம் நேரில் தரப்படலாம்' என்றால் இசைவோ, ஐயமோ என மயங்குகிறோம்.

செயப்பாட்டுப் பொருள் தமிழுக்குப் புதிதன்று. செயப்படுபொருளையே செய்தது போலக் கூறும் மரபைத் தொல்காப்பியர் வினையியலில் உடன்படுகிறார். 'படு', 'உண்' என்னும் துணைவினைகளும் பழையனவே. எனினும், நம் நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளுக்கு உருபேற்று அமையும் செயப்பாட்டு வடிவம் இல்லை என்றே கண்டார். செய்தவர் பெயர் தெரியாத இடத்தும், செயலே முதன்மை பெறும் இடத்தும் 'படு' பொருந்தும். 'கோயில் கட்டப்பட்டது', 'பயிர் அழிக்கப்பட்டது' என்பன குற்றமல்ல. கடமையைக் கூறும் இடத்தில் அது நுழைவதே குற்றம். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்னும் உறுதிமொழியில் எடுப்பவர் எவரும் இல்லை. எனவே எடுக்காதவர் என்று எவரையும் சுட்ட இயலாது.

சென்னைச் சட்டமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தை 1956-இல் நிறைவேற்றியது, மக்கள் தம் மொழியிலேயே ஆட்சியை அறியவேண்டும் என்பதற்காக. சொற்கள் தமிழாகியும் தொடர் ஆங்கிலமாகவே நின்றால் அந்நோக்கம் பாதியே நிறைவேறும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு ஒன்று சொல்வேன். அறிவிப்பு எழுதுமுன், 'யார் செய்ய வேண்டும்?' என்று உங்களையே கேளுங்கள். விடையை எழுவாயாக்குங்கள், வினையடையை அதற்குரிய வினையின் அருகே நிறுத்துங்கள். அந்த உழவர் நம்மிடம் எதிர்பார்ப்பது அழகிய நடையன்று. தாம் செய்ய வேண்டியது இன்னதென்று அறிவிக்கும் நேர்மையான ஒரு தொடரே.